வாட்ஸ்அப்பில் சுற்றும் பஞ்சப் படங்கள்: எடுத்தவர் யார் தெரியுமா?

எலும்பும் தோலுமாக ஒரு கூட்டம். பெரியவர்கள், குழந்தைகள், மடியில் கைக்குழந்தை. எல்லோரும் கேமராவைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மெட்ராஸ் மாகாணப் பஞ்சம் என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் அடிக்கடி சுற்றும் இந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீங்க.

இன்றைக்கு இப்படி ஒரு படம் எடுத்தால் உலக அளவில் விருது கிடைக்கலாம், அருங்காட்சியகத்தில் கண்காட்சியாகவும் வைக்கலாம். ஆனால் இந்தப் படங்களை எடுத்தவருக்கு மிஞ்சியது கெட்ட பெயர்தான். ஏன்? பார்க்கலாம்.

அது எந்தப் பஞ்சம்?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய பஞ்சம் அது. தாது வருஷத்தில் தொடங்கியதால் நம்ம ஊர்ப் பக்கம் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். பருவமழை பொய்த்தது. பரளச்சி, திருச்சுழி, அருப்புக்கோட்டை மாதிரி வானம் பார்த்த பூமிக்கு மழை இல்லை என்றால் கண்மாயும் இல்லை, வெள்ளாமையும் இல்லை. தெற்குச் சீமையிலிருந்து ஏராளமானோர் பிழைப்புக்காக இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள்.

மழை மட்டுமா காரணம்? இல்லை. மக்கள் பட்டினி கிடந்தபோதும் துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. நிவாரண வேலைக்குப் போனவர்களின் கூலியைக்கூட நாளுக்கு ஒரு பவுண்டு தானியக் கணக்குக்கு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவாக, அரசு வெட்டியது. பட்டினியிலும் காலரா போன்ற நோய்களிலும் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்பது பரவலான மதிப்பீடு.

யார் இந்த ஹூப்பர்?

வில்லோபி வாலஸ் ஹூப்பர். 1837-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1858-ல் மெட்ராஸ் குதிரைப்படையில் சேர்ந்து இந்தியா வந்தார். தொழில் ராணுவம், மனசு முழுக்க கேமரா.

1860-களில் இந்தியச் சாதிகளையும் இனங்களையும் படம் எடுத்துத் தொகுக்கும் வேலையை ஆங்கிலேய அரசு செய்தது. அதற்கு ஹூப்பரும் படங்கள் எடுத்துக் கொடுத்தார். பிறகு வெஸ்டர்ன் என்ற கால்நடை மருத்துவரோடு சேர்ந்து புலி வேட்டைப் படங்களை எடுத்து விற்றார். அவை நிஜ வேட்டையில் எடுத்தவை அல்ல. ஆட்களை நிறுத்தி, காட்சி அமைத்து எடுத்தவை. இந்தப் பழக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

பஞ்சத்தை எப்படிப் படம் எடுத்தார்?

அந்தக் காலத்து கேமரா இப்போது இருப்பது போல பட்டனைத் தட்டினால் முடிகிற வேலை இல்லை. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். எதிரில் இருப்பவர் சில விநாடிகள் அசையவே கூடாது. அசைந்தால் படம் கலங்கிப்போகும்.

அப்படியென்றால், நிற்கவே தெம்பில்லாத மனிதர்களை வரிசையாக உட்கார வைத்து, அசையாதே என்று சொல்லித்தான் இந்தப் படங்களை எடுத்திருக்க முடியும்.

சர்ச்சை அங்கேதான் தொடங்கியது. பட்டினி கிடந்தவர்களை வரவழைத்துப் படம் எடுத்துவிட்டு, சாப்பாடு போடாமலே திருப்பி அனுப்பினார் என்ற குற்றச்சாட்டு ஹூப்பர் மீது எழுந்தது.

பர்மாவில் என்ன நடந்தது?

1885-ல் ஆங்கிலேயர்கள் மேல் பர்மாவைப் பிடித்தார்கள். மண்டலேயில் ராணுவப் போலீஸ் தலைமைப் பொறுப்பு ஹூப்பருக்கு. கொள்ளையர்கள் என்று பிடிபட்ட பர்மியர்களைச் சுட்டுக் கொல்லும் வேலையும் அவர் பொறுப்பில்தான் நடந்தது. குண்டு பாயும் அந்த நொடியைப் படம் பிடிக்க அவர் கேமராவோடு நின்றார்.

1886-ல் இது லண்டன் பத்திரிகைகளில் செய்தியானது. நாடாளுமன்றம் வரை கேள்வி போனது. விசாரணை வைத்தார்கள். பகிரங்கக் கண்டனமும் தற்காலிகச் சம்பளக் குறைப்பும்தான் தண்டனை. மறு வருஷமே பர்மா பற்றி 100 படங்கள் கொண்ட ஆல்பம் வெளியிட்டார். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பி, 1912-ல் இறந்தார்.

இன்றைக்கு விருது கிடைக்குமா?

வாய்ப்பு குறைவு. 1955-ல் நெதர்லாந்தில் தொடங்கிய வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியின் வெற்றிப் படங்கள் உலகம் முழுக்கக் கண்காட்சியாகப் போகின்றன. செய்திப் படத்துக்கு அங்கே கறாரான விதி உண்டு. காட்சியை அமைத்து எடுத்து, நடந்ததாகக் காட்டக் கூடாது. அந்த விதியைத் தாண்டுவது ஹூப்பரின் படங்களுக்குக் கஷ்டம்.

ஆனால் விதியை மீறாதவர்களையும் கேள்வி விடவில்லை. தென்னாப்பிரிக்காவின் கெவின் கார்ட்டர் 1993-ல் சூடானில், சுருண்டு கிடக்கும் குழந்தையையும் பின்னால் காத்திருக்கும் கழுகையும் படம் எடுத்தார். 1994-ல் புலிட்சர் விருது கிடைத்தது. கூடவே, குழந்தையைக் காப்பாற்றினாயா என்ற கேள்வியும் துரத்தியது. கழுகை விரட்டிவிட்டதாக அவர் சொல்லியிருந்தார். அந்தக் குழந்தை அன்றைக்குச் சாகவில்லை என்பது 2011-ல்தான் குடும்பத்தார் மூலம் வெளியே வந்தது. அதைக் கேட்க கார்ட்டர் உயிரோடு இல்லை.

அப்போ அந்தப் படங்கள் பொய்யா?

இல்லை. உட்கார வைத்தது ஹூப்பராக இருக்கலாம். அந்த விலா எலும்புகளை அவர் உண்டாக்கவில்லை. அரசாங்க அறிக்கைகளில் வெறும் எண்ணிக்கையாக இருந்த பட்டினிக்கு முகம் இருந்தது என்பதற்கு இந்தப் படங்கள்தான் சாட்சி. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் வெல்கம் சேகரிப்பிலும் இன்றும் அவை பத்திரமாக இருக்கின்றன.

பத்திரமாக இல்லாதது ஒன்றுதான். படம் எடுத்தவரின் பிறந்த வருஷம் முதல் வாங்கிய தண்டனை வரை பதிவு இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் பேர் என்ன, எந்த ஊர், அதற்குப் பிறகு பிழைத்தார்களா என்பது படங்களோடு எழுதிவைக்கப்படவில்லை. அடுத்த முறை அந்தப் படம் உங்க போனுக்கு வந்தால், ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன் ஒரு நிமிஷம் அந்த முகங்களைப் பாருங்க. அதில் ஒருத்தர் நம்ம கரிசக்காட்டு ஆளாகக்கூட இருக்கலாம்.