விளக்கேந்திய சீமாட்டியின் பாடசாலை

மே 12 சர்வதேச தாதியர் தினம் வந்தால் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் கையிலிருந்த விளக்கைப் பற்றியே பேசுகிறோம். அவர் உருவாக்கிய பாடசாலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இன்றைய தாதிய மாணவர்களுக்கு அந்தக் கதைதான் அதிகம் பயன்படும்.

1820 இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், வசதியான ஆங்கிலேயக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். நோயாளர் பராமரிப்பு அன்று மதிப்பான தொழிலல்ல. வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி 1851 இல் ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் சுமார் மூன்று மாதங்கள் பயிற்சி பெற்றார். 1854 இல் கிரிமிய யுத்தத்தின்போது 38 பெண்களுடன் இஸ்தான்புல்லின் உஸ்குதாருக்குச் சென்றார். அங்கே துருக்கியரின் செலிமியே படைமுகாம் பிரித்தானியரின் வைத்தியசாலையாக மாறியிருந்தது. இராணுவ வைத்தியர்கள் ஆரம்பத்தில் இவர்களை நோயாளரிடம் நெருங்கவே விடவில்லை. பின்னர் நடந்தவை எல்லோரும் அறிந்தவை.

யுத்தகாலத்தில் அவர் பெயரால் ஆரம்பித்த நிதி 44,000 பவுணைத் தாண்டியது. அந்தப் பணத்தில் 1860 ஜூலையில் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் பாடசாலை திறக்கப்பட்டது. முதலில் 15 பெண்கள், பயிற்சி ஓராண்டு. படிப்பு ஓரிடம், நோயாளி வேறிடம் என்றில்லை. மாணவியர் வைத்தியசாலையிலேயே தங்கி, வார்ட் பொறுப்புத் தாதியின் கீழ் புண்ணுக்கு மருந்து கட்டவும், படுக்கைப்புண் வராமல் காக்கவும், நோயாளியை அவதானித்து அறிக்கையிடவும் பழக வேண்டும். கூடவே விரிவுரைகள்.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் யுத்தத்திலிருந்து நோயுடன் திரும்பிய நைட்டிங்கேல் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். பாடசாலையின் அன்றாட நடைமுறை அவர் கண்ணில் படவில்லை. 1870களின் தொடக்கத்தில் துருவி விசாரித்தபோதுதான் விடயம் வெளிவந்தது. விரிவுரைக்கெனச் சம்பளம் பெற்ற வைத்தியர் அவற்றை ஒழுங்காக நடத்தவில்லை. பொறுப்புத் தாதியருக்குக் கற்பிக்க நேரமில்லை. மாணவியரோ ஆளணிப் பற்றாக்குறையை நிரப்பும் வேலையாட்களாகியிருந்தனர். எங்கேயோ கேட்ட கதை போலில்லையா?

தன் பெயரைத் தாங்கிய பாடசாலைதானே என்று அவர் கண்டும் காணாமல் விடவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் குரொஃப்ட் விரிவுரைகளைப் பொறுப்பேற்றார். மாணவியரின் படிப்பைக் கவனிக்க அவர்களது இல்லத்தில் ஒரு மூத்த தாதி நியமிக்கப்பட்டார். மாணவியர் வார்ட் வேலை பற்றி நாட்குறிப்பு எழுதினர். நைட்டிங்கேல் அவற்றை வாசித்தார். ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து, எந்த வார்ட்டில் யார் என்ன கற்பித்தார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். என் பார்வையில், உஸ்குதாரில் விளக்குடன் நடந்ததைவிட இது பெரிய வேலை.

ஒரு விடயத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. 1887 இல் உருவான பிரித்தானியத் தாதியர் சங்கம், தாதியரைப் பரீட்சை வைத்துப் பதிவு செய்யக் கோரியபோது அவர் கடுமையாக எதிர்த்தார். கட்டிலருகே ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை விடைத்தாள் காட்டாது என்பது அவரது அச்சம். அச்சம் நியாயமானது. ஆனால் பதிவேடு இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்று நோயாளி எப்படி அறிவார்?

1910 ஒகஸ்ட் 13 இல், 90 ஆவது வயதில் காலமானார். தாதியர் பதிவுச் சட்டம் பிரித்தானியாவில் 1919 இல்தான் நிறைவேறியது.