உப்பளத்திலிருந்து சட்டமன்றம் வரை: ருக்மிணி லட்சுமிபதி

காவிரி பாயும் கடைமடையில் நெல்வயல்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் இடம் வேதாரண்யம். இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ள அவ்வூர், 1930இல் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மண்ணில் உப்பெடுத்துச் சிறை சென்ற வீராங்கனை ஒருவரை இக்கட்டுரையில் நினைவுகூர விழைகின்றோம்.

1892 டிசம்பர் 6ஆம் நாள் சென்னையில் பிறந்தவர் ருக்மிணி. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். ஆயுர்வேத அறிஞர் டாக்டர் ஆச்சண்ட லட்சுமிபதியை மணந்தார். 1926இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பெண்கள் வாக்குரிமை மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார்.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு யாத்திரை புறப்பட்டது. தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். டெல்டா மக்களோ சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசி தீர்த்தனர். ஏப்ரல் 30 அன்று இராஜாஜி கைதான பின்னரும் போராட்டம் ஓயவில்லை. அதில் பங்கேற்ற ருக்மிணி அம்மையார், உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை புகுந்த முதல் பெண்மணி என்னும் சிறப்பினைப் பெற்றார்.

1927இல் நியமன உறுப்பினராகச் சென்னைச் சட்டமன்ற மேலவையில் நுழைந்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெண்களுக்கு வழி திறந்திருந்தார். ருக்மிணி அம்மையார் தேர்தலில் வென்று அவ்வழியில் நடந்தார். 1937 ஜூலை 15 அன்று சட்டப்பேரவையின் துணைச் சபாநாயகரானார்.

1939 செப்டம்பர் 3 அன்று, மக்கள் பிரதிநிதிகள் எவரையும் கலந்துகொள்ளாமலேயே இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தினார் வைஸ்ராய் லின்லித்கோ. அதனைக் கண்டித்து அக்டோபரில் இராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. சட்டமன்றம் செயலிழந்தது. அமெரிக்காவில் ஜெனட் ராங்கின் என்னும் அம்மையார் 1917இலும் 1941இலும் போருக்கு எதிராக வாக்களித்தார். இரண்டாம் முறை 388 வாக்குகளுக்கு எதிராக அவருடையது ஒன்றே ஒன்று. தனித்து நின்றாலும் அவருக்கு வாக்களிக்க ஓர் அவை இருந்தது. நம் அம்மையாருக்கோ அதுவும் இல்லை. ஆகவே, போருக்கு ஆளும் பொருளும் தரலாகாது என்று வெளிப்படையாக முழங்கிய தனிநபர் சத்தியாக்கிரகத்தில் 1940இல் இறங்கி, மீண்டும் சிறையேகினார்.

அம்மையார் அஞ்சாது எதிர்த்த அந்தப் போரின் சுமை நம் இல்லங்களையும் வந்தடைந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானது. அங்கிருந்து வந்த அரிசி நின்றது. பர்மாவிலும் மலாயாவிலும் பிழைப்புத் தேடிய நம்மவர் பலர் உற்றாரையும் உடைமைகளையும் இழந்தனர். கேளாமல் திணிக்கப்பட்ட போருக்கு விலை கொடுத்தவர்கள் எளிய மக்களே என்பதை டெல்டாவின் மூத்த தலைமுறை நன்கறியும்.

1946இல் பிரகாசம் அமைச்சரவையில் அம்மையார் பொதுச் சுகாதார அமைச்சரானார். சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சர் அவரே. 1951 ஆகஸ்ட் 6 அன்று மறைந்தார். சென்னை எழும்பூரில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பதவி கிட்டியபோது பணியாற்றியதும், பதவி பறிபோனபோது மனச்சான்றின்படி நின்றதும் அவர் வாழ்வு நமக்கு விட்டுச் சென்ற பாடங்கள். பேச அவை இல்லாத நாளிலும் பேச வேண்டியதைப் பேசும் துணிவை நம் மாணவ மணிகள், குறிப்பாக மாணவியர், அவரிடமிருந்து பெறுவார்களாக!