டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர்



விடியற்காலையில் பெரட்டு முடிந்து வெளிக்காட்டுக்குக் கிளம்பும்போது நம் காதில் முதலில் விழுவது என்ன? லாரிச் சத்தம். செம்பனைக் குலையை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிறதே, அந்த லாரிதான். அது குடிக்கிற எண்ணெய்க்கு டீசல் என்று பெயர். மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் மாதிரி அதுவும் ஓர் எண்ணெயின் பெயர் என்றே, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த நாம் வெகு காலம் நினைத்துக் கொண்டிருந்தோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது பிற்பாடுதான் தெரிய வந்தது.

சென்ற மாதம் ஒரு கிளைக் கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்தார். இனிமேல் எல்லாம் கரண்டுக் காடியாகிவிடும் என்கிறார்களே, அப்புறம் நம் செம்பனை எண்ணெயை ஊற்றி ஓட்ட எந்த வண்டி இருக்கப் போகிறது என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், டீசல் என்கிற அந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விரட்டப்பட்ட குடும்பம்

ருடால்ப் டீசல் 1858 மார்ச் 18-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், பவேரியா நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். தகப்பனார் புத்தகம் கட்டும் தொழிலாளி, தோல் சாமான்களும் செய்து விற்று வந்தார். ஆக, நம் பாட்டன்மாரைப் போலவே பிழைப்புத் தேடி இடம் பெயர்ந்த குடும்பம்தான்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் இருந்த ஜெர்மானியரை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். டீசல் குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கும் வறுமை. பன்னிரண்டு வயதுப் பையனான ருடால்பை, ஜெர்மனியில் அவுக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்குத் தனியே அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார். அவர் நிழலில் பையன் படித்தான். உதவிச் சம்பளம் பெற்று மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தான். 1880-இல் முதல் தர மதிப்பெண்களோடு தேறினான். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் கார்ல் வான் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர் போனவர். படிப்பு முடிந்ததும் அவரிடமே ஐஸ் மிசின் வேலைக்குச் சேர்ந்தார் டீசல்.

சின்ன ஆளுக்கு ஒரு மிசின்

அந்தக் காலத்தில் உலகத்தை ஓட்டியது நீராவி. ஆனால் எரிக்கிற நிலக்கரியின் சக்தியில் பத்தில் ஒரு பங்குகூடப் பெரும்பாலான நீராவி இயந்திரங்களில் வேலையாக மாறவில்லை. மற்றதெல்லாம் புகையாகவும் சூடாகவும் வீணாய்ப் போயிற்று. அத்தோடு, அவ்வளவு பெரிய கொதிகலனைப் பெரிய முதலாளிதானே வாங்க முடியும்? நெசவாளியும் தச்சனும் அதை நினைத்துப் பார்க்க முடியுமா? ஆலைக்காரனோடு போட்டி போட முடியாமல் கைத்தொழிலாளிகள் நசிந்து போனார்கள். எரிபொருளும் மிச்சமாக வேண்டும், சின்னப் பட்டறைக்காரனும் வாங்கி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அப்படி ஓர் இயந்திரம் செய்ய வேண்டும் என்பதே டீசலின் கனவு.

அவர் பிடித்துக்கொண்ட தத்துவம் எளிமையானது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? காற்றை அழுத்தினால் சூடேறும். நம் தென்கிழக்கு ஆசியாவில் தீப்பெட்டி வருமுன்னரே, சின்னக் குழாயில் காற்றைச் சட்டென்று அழுத்திப் பஞ்சைப் பற்ற வைக்கும் கருவியைப் பழங்குடி மக்கள் வைத்திருந்தார்கள். டீசலின் இயந்திரத்திலும் அதே சங்கதிதான். காற்றைக் கடுமையாக அழுத்திச் சூடேற்றி, அதற்குள் எண்ணெயைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். தனியாகப் பொறி தேவையில்லை.

1892-இல் உரிமம் கேட்டு மனுப் போட்டார். 1893-இல் அவுக்ஸ்பர்க் இயந்திர ஆலையில் முதல் சோதனை. அன்று மிசினின் ஒரு பாகம் வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் உயிர் தப்பினார். மனம் தளரவில்லை. அழித்துக் கட்டி, அழித்துக் கட்டி, நான்கு ஆண்டு போராடினார். 1897-இல் பேராசிரியர் ஒருவர் முன்னிலையில் அளந்து பார்த்தபோது, எரிபொருளின் சக்தியில் 26 விழுக்காட்டுக்கு மேல் வேலையாக மாறியது. உலகம் வியந்தது. பணம் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தது.

கச்சான் எண்ணெயில் ஓடிய இயந்திரம்

இனி நமக்குச் சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். 1900-இல் பாரிசில் பெரிய உலகக் கண்காட்சி நடந்தது. பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி அங்கே ஒரு சிறிய டீசல் இயந்திரத்தைக் கச்சான், அதாவது நிலக்கடலை எண்ணெய் ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். பெட்ரோலிய எண்ணெய்க்கென்று செய்த மிசின், எந்த மாற்றமும் செய்யாமல் கடலை எண்ணெயிலும் ஓடியது. பார்த்தவர்களில் பலருக்கு அந்த வித்தியாசமே தெரியவில்லையாம்.

டீசல் இதை மறக்கவில்லை. 1912-இல் இங்கிலாந்தில் பொறியியலாளர்கள் முன் பேசியபோது, தாவர எண்ணெய் இன்றைக்கு அற்பமாகத் தோன்றினாலும் ஒரு காலத்தில் பெட்ரோலியத்துக்குச் சமமாக வரக்கூடும் என்ற கருத்தை எடுத்துச் சொன்னார். செம்பனையில் மலாயாவின் முதல் வணிகத் தோட்டமான கோலசிலாங்கூர் தென்னமாரம் தோன்றியதே 1917-இல்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். அதற்கும் ஐந்து வருடம் முன்னே சொன்ன பேச்சு அது.

யாரும் வாங்காத புத்தகம்

டீசல் மிசின் செய்தவர் மட்டுமல்ல. 1903-இல் தொழிலாளர் ஒற்றுமைப் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளிகள் நாளுக்குச் சில காசு சேர்த்துப் பொது நிதி உண்டாக்க வேண்டும். அந்த நிதியைக் கொண்டு தாங்களே சொந்தமாகத் தொழிற்கூடங்கள் தொடங்க வேண்டும். இலாபம் அவர்களுக்கே வர வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். அந்தக் கூடங்களைத் தேன்கூட்டுக்கு ஒப்பிட்டார். ஆயிரக்கணக்கில் அச்சடித்த புத்தகம் சில நூறுதான் விற்றது. முதலாளியும் திரும்பிப் பார்க்கவில்லை, தொழிலாளியும் வாங்கவில்லை. இயந்திரத்தைக் கண்டதைவிட இந்த வழியைக் கண்டதையே அவர் பெரிதாக நினைத்தார் என்றால் அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்!

சின்ன ஆளுக்கென்று கண்ட மிசினும் சின்ன ஆளிடம் போய்ச் சேரவில்லை. பெரிய ஆலைகளும் கப்பல் கம்பெனிகளும் போர்க்கப்பல் கட்டுகிறவர்களும்தான் எடுத்துக்கொண்டார்கள். அவரோ உரிமம் பற்றிய வழக்குகளில் அலைந்தார். உடல் நலம் கெட்டது. மியூனிக்கில் மாளிகை கட்டினார். நில வியாபாரத்தில் போட்ட பணம் போயிற்று. கடன் கழுத்தை நெரித்தது.

1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்து செல்லும் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். கூட வந்தவர்களோடு சாப்பிட்டார், காலையில் எழுப்பச் சொல்லிவிட்டு அறைக்குப் போனார். விடிந்தபோது ஆள் இல்லை. படுக்கை கலையவே இல்லை. சில நாள் கழித்து வடகடலில் மிதந்த உடலை ஒரு படகுக்காரர்கள் கண்டார்கள். சட்டைப் பையில் இருந்த பொருள்களை மகன் அடையாளம் சொன்னார். கொன்றுவிட்டார்கள் என்று பேசியவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 55.

நம் எண்ணெய்க்கு என்ன ஆயிற்று?

அவர் போன பிறகு பெட்ரோலியம் மலிவாகக் கிடைத்தது. தாவர எண்ணெயை எல்லாரும் மறந்தார்கள். ஆனாலும் 1938-இல் பெல்ஜியத்தில் பிரசல்சுக்கும் லூவேனுக்கும் இடையே செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளில் ஒரு பஸ் ஓடியது. எண்ணெய் வந்த இடம் அவர்களுடைய காலனியான காங்கோ. அங்கே குலை வெட்டிய கைகளை அந்தப் பஸ்ஸில் போனவர்கள் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் 2011-இல் டீசலோடு 5 விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கத் தொடங்கினார்கள். 2019-இல் அது 10 ஆயிற்று. 2020-இல் லங்காவியிலும் லாபுவானிலும் 20 விழுக்காடு வந்தது. அதாவது, இன்றைக்கு அந்த லாரி நாம் வெட்டிய பழத்தையும் கொஞ்சம் குடித்துக்கொண்டுதான் ஓடுகிறது.

இப்போது அந்த இளைஞர் கேட்ட கேள்விக்கு வருவோம். கரண்டுக் காடிக்கும் எண்ணெய்க் காடிக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதுதான் பிளக்-இன் ஹைபிரிட். வீட்டில் பிளக்கில் மாட்டிச் சார்ஜ் பண்ணினால் பட்டணத்துக்குள் ஓடும் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடிவிடும். தூரப் பயணத்துக்கு எஞ்சின். அந்த எஞ்சினுக்குத் தாவர எரிபொருளை ஊற்றினால் அதுவும் பெட்ரோலியத்தை விட்டு விலகும். 2012-இல் வால்வோ கம்பெனி டீசல் எஞ்சினோடு இப்படி ஒரு காடியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிரேசிலில் 2019 முதல் கரும்புச் சாராயத்திலும் ஓடும் ஹைபிரிட் காடி விற்கிறார்கள். அது பிளக்கில் மாட்டாத வகை.

இதில் நன்மை உண்டு. முழு மின்சாரக் காடிக்கு வேண்டிய பெரிய பேட்டரியில் நாலில் ஒரு பங்கு அளவு போதும். அந்த அளவுக்கு லித்தியமும் நிக்கலும் தோண்டுவது குறையும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பகுதி இன்னும் நிலக்கரியிலும் வாயுவிலும் இருந்து வருவதால், பிளக்கில் மாட்டிவிட்டாலே புகை ஒழிந்தது என்றும் சொல்ல முடியாது. செம்பனை மரமோ வளரும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சுகிறது. அதைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது.

ஆனால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பேசக் கூடாது. காட்டை அழித்தும் சதுப்பு நிலத்தை வடித்தும் நட்ட செம்பனையிலிருந்து வரும் எண்ணெய் பெட்ரோலியத்தைவிடவும் கெடுதி. மில்லுக்குப் பின்னால் நாறுகிறதே கழிவுக் குளம், அதிலிருந்து எழும் மீத்தேன் வாயுவும் பூமியைச் சூடாக்குவதே. காடி வாங்கினவர் பிளக்கில் மாட்டாமலே எண்ணெயில் ஓட்டினால் இலாபமில்லை. ஹைபிரிட் காடிகள் சொன்னதைவிட மூன்று மடங்குக்கு மேல் புகை விடுகின்றன என்று ஐரோப்பிய ஆணையம் 2024-இல் கண்டு சொன்னது. உலகத்துக் காடிகளுக்கெல்லாம் ஊற்ற எண்ணெயும் போதாது. செம்பனை எண்ணெயில் பெரும் பங்கு சமையலுக்குத்தானே போகிறது! ஆகவே, இருக்கிற தோட்டத்தில், புதிதாகக் காடு வெட்டாமல் விளைந்த எண்ணெய், லாரிக்கும் தூரப் பயணத்துக்கும். சின்ன ஓட்டத்துக்கு மின்சாரம். இதுதான் நமக்கு நியாயமாகப் படுகிறது.

டீசல் நமக்கு விட்டுப் போனது

இயந்திரம் ஜெயித்தது, அதைக் கண்ட மனிதர் நினைத்தது ஜெயிக்கவில்லை. ஏன்? மிசினை யார் செய்கிறார்கள் என்பதோடு, பலன் யாருக்குப் போகிறது என்பதையும் ஏற்பாடு பண்ண வேண்டும். அது தனி மனிதரால் ஆகிற காரியமில்லை.

அவர் சொன்ன தேன்கூட்டை நாம் பார்க்காதவர்கள் அல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், துன் சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, வெட்டுக் கூலி வாங்கிய கைகள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் ஆயினவே! ஜெர்மனியில் படிப்பாரில்லாமல் கிடந்த யோசனை போன்ற ஒன்றை நம் தாய் தகப்பன்மார் செய்து காட்டினார்கள்.

இன்றைக்குக் குலை வெட்டுகிறவர் நம்மவராக இருக்கலாம், இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருக்கலாம். கூலி ஒன்றுதான், வேர்வை ஒன்றுதான். பசுமை எண்ணெய் என்று பெயர் வைத்து நம் பழத்தை விற்கப் போகிறார்கள். அதற்கு 2020 முதல் எம்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் கட்டாயம். சோதனைக்காரர்கள் தோட்டத்துக்கு வரும்போது தொழிலாளியையும் கேட்பார்கள். அன்றைக்குப் பயந்து தலையாட்டாதீர்கள். லயத்துத் தண்ணீரைப் பற்றி, மருந்தடிக்கிற அம்மாமார்களின் கையுறை பற்றி, பிடித்தம் போகக் கையில் வருகிற சம்பளம் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.

நாளைக் காலை அந்த லாரி உறுமும்போது அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம். மரம் பசுமை, எண்ணெய் பசுமை என்கிறவர்களிடம், வெட்டுகிறவன் அடுப்படியும் பசுமையாக இருக்கிறதா என்று கேட்போம்.