கூட்டத்துக்கு நடுவே தூங்கிய அமெரிக்க அதிபர்... சோம்பலா, மூச்சுத்தடையா?

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவார். சாப்பாட்டு மேஜையில் தூங்குவார், சீட்டு விளையாடும்போது தூங்குவார். துக்க நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்தபடியே கண்ணசந்ததும் உண்டு. இவர் சாதாரண ஆள் இல்லை, அமெரிக்காவின் 27வது அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்ட். அவருக்கு அப்படி என்னதான் பிரச்னை?

யார் இந்த டாஃப்ட்?

1857ஆம் ஆண்டு ஒஹாயோ மாகாணத்தின் சின்சினாட்டி நகரில் பிறந்தவர். வழக்கறிஞர், நீதிபதி, பிலிப்பைன்ஸ் ஆளுநர், போர்த்துறைச் செயலர் எனப் படிப்படியாக உயர்ந்து, 1909ல் அதிபரானார். சிறுவயதிலிருந்தே பருமனான உடல்வாகு. 1905ல் இங்கிலாந்து மருத்துவர் ஒருவரின் கடித ஆலோசனைப்படி டயட் இருந்து கிட்டத்தட்ட 27 கிலோ குறைத்தார். ஆனால் குறைந்த எடை திரும்பவும் ஏறிவிட்டது. வெள்ளை மாளிகையில் இருந்தபோது 150 கிலோவைத் தாண்டிவிட்டார்.

எடை ஏற ஏற தூக்கமும் கூடியது. அவருடைய ராணுவ உதவியாளர் ஆர்ச்சிபால்ட் பட், தன் குடும்பத்தினருக்கு எழுதிய கடிதங்களில் இதைக் கவலையோடு பதிவு செய்திருக்கிறார். இரவில் பலத்த குறட்டை, பகலில் அடக்க முடியாத தூக்கம், கூடவே உயர் ரத்த அழுத்தம். ஆனால் ஊர் பேசியதெல்லாம் அவருடைய உடம்பைப் பற்றித்தான். குளியல் தொட்டியில் சிக்கிக்கொண்டார் என்ற கதை இன்றும் சுற்றுகிறது, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

தொண்டையில் அடைப்பு, நுரையீரலுக்குச் சுமை

2003ல் ஜான் சோடோஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, டாஃப்டுக்கு இருந்தது ஸ்லீப் ஆப்னியா என்று எழுதினார். கட்டுரை வெளியானது நெஞ்சக நோய்களுக்கான 'செஸ்ட்' மருத்துவ இதழில். இறந்தவரைப் பரிசோதிக்க முடியாது, எனவே இது ஒரு கணிப்புதான். ஆனால் அறிகுறிகள் பொருந்துகின்றன.

இந்த நோயில் என்ன நடக்கிறது? தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும். ஒவ்வொரு முறையும் 10 விநாடி அல்லது அதற்கு மேல் காற்று நின்றுபோகும். நுரையீரல் நன்றாகவே இருந்தாலும் உள்ளே காற்று வராது. ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். நோய் தீவிரமானால் இது மணிக்கு 30 தடவைக்கு மேல் நடக்கும். காலையில் எழுந்தால் தூங்கியது போலவே இருக்காது.

ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படியே போனால் அங்கே ரத்த அழுத்தம் கூடி, இதயத்தின் வலது பக்கம் திணற ஆரம்பிக்கும். தொப்பை இதை இன்னும் மோசமாக்கும். படுத்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரல் விரிய இடம் குறையும், தொண்டையும் சுலபமாக மூடிக்கொள்ளும். ஆஸ்துமா, சிஓபிடி போன்ற நுரையீரல் நோய் ஏற்கெனவே இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. இரவில் ஆக்சிஜன் இன்னும் அதிகமாகக் குறையும்.

பதவி போனது, எடையும் போனது

1912 தேர்தலில் டாஃப்ட் தோற்றார். 1913ல் யேல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் ஆனார். வெள்ளை மாளிகையை விட்டு வந்த ஒரு வருடத்துக்குள் 27 கிலோவுக்கு மேல் குறைத்தார். இந்த முறை பழைய எடை திரும்பவில்லை. பகல் தூக்கம் விலகியது, ரத்த அழுத்தமும் இறங்கியது.

1921ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். அதிபர், தலைமை நீதிபதி என இரண்டு பதவிகளையும் வகித்தவர் இன்றுவரை இவர் ஒருவர்தான். வேலைக்கு சுமார் 5 கிலோமீட்டர் நடந்தே போவார். வழியில் அவர் கடந்த வாஷிங்டன் பாலத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

ஆனாலும் இதயம் பலவீனமாகிவிட்டது. 1930 மார்ச் 8ஆம் தேதி, 72 வயதில் இதய நோயால் காலமானார். அத்தனை வருட மூச்சுத்தடைக்கும் அதில் பங்கு இருந்திருக்கலாம்.

அன்று இல்லாதது, இன்று இருக்கிறது

டாஃப்ட் காலத்தில் இந்த நோய்க்குப் பெயரே கிடையாது. தூக்க ஆய்வுகளில் இது பதிவானது 1965ல். முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபாப் சிகிச்சை, 1981ல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவால் அறிமுகமானது.

நம் வீட்டிலும் ஒருவர் பலத்த குறட்டை விடலாம், நடுவில் மூச்சு நின்று திணறி எழலாம், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கலாம். அசதி, சோம்பல் என்று விட்டுவிட வேண்டாம். நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே ஒரு இரவு தூக்கப் பரிசோதனையிலேயே பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும். டாஃப்டுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை.