விண்ணப்பத்தில் எழுதிய பெயர்



திருவந்திபுரத்திலிருந்து பஸ் பிடித்து நம் கல்லூரிக்கு வந்து போனவள் நான். முகூர்த்த நாளென்றால் பஸ்ஸில் ஏறவே முடியாது. தேவநாத சுவாமி கோயிலில் அவ்வளவு கல்யாணக் கூட்டம்.

1990-ல் அப்படியொரு முகூர்த்தத்தில்தான் என் சித்தி மகளுக்கும் கல்யாணம். அரசு உதவிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது நான்தான். திட்டத்தின் பெயர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவி. யார் இந்த அம்மா என்று கேட்கத் தோணவே இல்லை. என்னைவிட நன்றாகப் படித்தவளை எட்டாவதோடு ஏன் நிறுத்தினார்கள் என்றும் நான் கேட்கவில்லை.

பல வருஷம் கழித்துத்தான் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன். பிறந்தது 1883-ல். ஐந்து வயதில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் ஒரு தாசி வீட்டில் விடப்பட்டவர். மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்ததால் அதுவே பெயரோடு ஒட்டிக்கொண்டது. தாசித் தொழிலுக்குப் போக மறுத்து, தமக்கு இசை கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்துகொண்டார். அதன் பிறகு சும்மா இருந்துவிடவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசினார். முதலில் காங்கிரஸ், பிறகு பெரியாரின் சுயமரியாதை இயக்கம்.

1936-ல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை வெளியிட்டார். சொத்தைத் தொலைக்கும் மைனர்களையும், பெண்ணை அந்த வலையில் தள்ளும் வழக்கத்தையும் உள்ளிருந்து பார்த்தவர் எழுதியது அது. பெண்ணுரிமை எழுத்து என்றதும் பிரெஞ்சுக்காரரான சிமோன் த போவாரைச் சொல்கிறோம். அவருடைய 'இரண்டாம் பாலினம்' வந்தது 1949-ல். நம்ம அம்மையார் அதற்குப் பதின்மூன்று வருஷம் முந்தி!

1938-ல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்தே போனார். அப்போது வயது 55. அதே ஆண்டு சிறைக்கும் போனார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் தொடங்கிய முயற்சி, இவரைப் போன்றவர்களின் தெருப் பிரசாரம் எல்லாம் சேர்ந்து, பொட்டுக்கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது. 1949-ல் பெரியாரோடு கருத்து வேறுபட்டு அண்ணாவின் தி.மு.க.வுக்கு வந்தார். 1962-ல் காலமானார்.

1989-ல் தொடங்கிய அந்தத் திருமண உதவி, 2022-ல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். கல்யாணத்துக்கு என்றிருந்த பணம் படிப்புக்கு என்று ஆனதில் எனக்குத் தனி சந்தோஷம். என் சித்தி மகளுக்கு அது முப்பது வருஷம் லேட்டு.

அந்தத் தொகையை வாங்கிய மாணவிகளே, அம்மையாரின் நாவலை ஒருமுறை படித்துவிடுங்கள். பழைய மாணவ நண்பர்களே, உங்கள் தெருவில் பிளஸ் டூவோடு நின்றுபோன பெண் யாராவது இருந்தால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இந்தத் தடவை கல்லூரி விண்ணப்பமாக இருக்கட்டும்.