தீயில் சிவந்த கல்!

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் கிரிவலம் வரும் கூட்டம் ரமணாசிரம வாசலைத் தாண்டிப் போகிறது. 14 கிலோமீட்டர் நடை. பலர் கையில் செல்போன்!

அந்தப் போனை இயங்க வைப்பது பாட்டரி. பாட்டரிக்குள் இருப்பது லித்தியம் என்ற பொருள். கிரேக்க மொழியில் "லித்தோஸ்" என்றால் கல். கல்லில் கிடைத்ததால் இந்தப் பெயர்.

அது எந்தக் கல்? அதைக் கண்டெடுத்தவர் யார்?

அவர் ஒரு பேராசிரியர். போர்க்களம் கண்டவர். ஒரு பெரிய நாட்டின் விடுதலைக்கு வழிகாட்டியவர். கடைசியில் காவலில் வைக்கப்பட்டவர். பெயர், ஜோசே பொனிபாசியோ.

1763-ம் ஆண்டு ஜூன் 13-ந்தேதி, பிரேசில் நாட்டில் சாந்தோஸ் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். அப்போது பிரேசில், போர்த்துக்கீசியருக்கு அடிமை நாடு. படிப்பதற்காகக் கடல் கடந்து போர்ச்சுக்கல் போனார். சட்டம் படித்தார். ஆனால் மனம் கல்லிலும் மண்ணிலும்தான் இருந்தது!

1790-ல் அரசாங்கமே அவரை ஐரோப்பா முழுவதும் சுற்றிச் சுரங்கக் கலை கற்று வர அனுப்பியது. பத்து வருஷம் சுற்றினார். பாரீசில் படித்தார். ஜெர்மனியில் பிரைபர்க் நகரில், வெர்னர் என்ற பெரிய ஆசானிடம் பாடம் கேட்டார். பிறகு சுவீடனுக்குப் போனார்.

ஊத்தோ தீவு

சுவீடன் தலைநகருக்கு அருகே ஊத்தோ என்று ஒரு தீவு. பழைய இரும்புச் சுரங்கம் உள்ள இடம். அங்கே கிடைத்த கற்களில் சில, அவருக்குப் புதிதாகத் தெரிந்தன. 1800-ல் அவற்றைப் பற்றி எழுதி வெளியிட்டார். அவற்றில் ஒன்றுதான் பெட்டலைட்.

பெட்டலைட் என்றால் இலைக்கல் என்று சொல்லலாம். வெள்ளையாகவோ, சாம்பல் நிறமாகவோ, இளஞ்சிவப்பாகவோ இருக்கும். உடைத்தால் தட்டையாகப் பிளக்கும். பிளந்த முகம் முத்துப்போல் மினுக்கும். நம் ஊர்க் காக்காய்ப்பொன்னைப் போல மெல்லிய தாள் தாளாக உரியாது. ஆனால் உள்ளே அணுக்கள் அடுக்கடுக்காகத்தான் நிற்கின்றன. அடுக்குகளை லித்தியமும் அலுமினியமும் இறுக்கிப் பிணைத்திருக்கின்றன. எங்கும் கிடைக்கிற கல் அல்ல இது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் பிக்கிட்டா என்ற இடத்தில் நிறைய உண்டு.

இந்தக் கல்லை நெருப்பில் போட்டால் சுடர் செக்கச்செவேல் என்று எரியும்!  ஏன்?

1817-ல் ஆர்வெட்சன் என்ற சுவீடன் இளைஞர் அந்தக் கல்லைப் பிரித்து நிறுத்துப் பார்த்தார். கணக்கு உதைத்தது. நூற்றுக்குச் சுமார் நான்கு பங்கு காணோம்! காணாமற்போன அந்தப் பங்குதான் லித்தியம். தண்ணீரில் மிதக்கும் உலோகம். உலோகங்களிலேயே மிக லேசானது. சுடரைச் சிவப்பாக்கியதும் அதுவே.

விடுதலை

பொனிபாசியோ அப்போது போர்ச்சுக்கலில் இருந்தார். கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வேலை. நாட்டுச் சுரங்கங்களுக்கு மேலதிகாரி. நெப்போலியன் படை நாட்டுக்குள் புகுந்தபோது, மாணவர் படையோடு சேர்ந்து துப்பாக்கி தூக்கியவர் அவர்.

1819-ல், 56-வது வயதில், பிறந்த மண் திரும்பினார். மற்றவர்கள் ஓய்வு தேடும் வயது. அவருக்கோ அதற்குப் பிறகுதான் பெரிய வேலை!

பிரேசிலை ஆண்டுவந்த இளவரசர் பேதுரு, 1822-ல் அவரை முதன்மை மந்திரியாக்கினார். அதே ஆண்டு செப்டம்பர் 7-ந்தேதி பிரேசில் சுதந்திர நாடானது. பேதுரு பேரரசரானார். அவரை அந்தத் துணிவுக்குக் கொண்டுவந்தவர்களில் முதல்வர் பொனிபாசியோதான்.

ஆனால் அவருக்கு ஒரு குறை. நாடு விடுதலை அடைந்தது. நாட்டில் அடிமைகள் விடுதலை அடையவில்லை! ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மனிதரைக் கொண்டுவந்து விற்றார்கள். அந்த வியாபாரத்தை நிறுத்தவும், அடிமைகளைப் படிப்படியாக விடுவிக்கவும் 1823-ல் திட்டம் எழுதினார். பண்ணை முதலாளிகளுக்கு இது பிடிக்குமா? திட்டம் சபைக்கு வருமுன்பே பேரரசர் சபையைக் கலைத்துவிட்டார். பொனிபாசியோ பிரான்சுக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கே இருக்கும்போதே, 1825-ல் அந்தத் திட்டத்தை அச்சிட்டார்.

1829-ல் திரும்பி வந்தார். 1831-ல் பேரரசர் முடி துறந்தார். போகும்போது, தம் ஐந்து வயது மகனை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? தாம் நாடு கடத்திய அதே கிழவரிடம்! ஆனால் இரண்டே ஆண்டில் எதிரிகள் அவர்மீது சதிக் குற்றம் சாட்டினார்கள். சிறுவனிடமிருந்து பிரித்து, பக்கேத்தா தீவில் காவலில் வைத்தார்கள். வழக்கில் குற்றம் இல்லை என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. 1838 ஏப்ரல் 6-ந்தேதி கண் மூடினார்.

அவர் நினைவாக ஒருவகைக் கார்னெட் கல்லுக்கு ஆந்திரடைட் என்று பெயர் வைத்தார்கள். ஆந்திராதா என்பது அவருடைய குடும்பப் பெயர்.

அடிமை முறை அதற்குப் பிறகும் 50 ஆண்டுகள் நீடித்தது. 1888 மே 13-ந்தேதி அதை ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இசபெல் இளவரசி. பொனிபாசியோவிடம் ஒப்படைக்கப்பட்ட அந்த ஐந்து வயதுச் சிறுவனின் மகள்!