மார்க்கோனி போட்ட பூட்டு

வாட்ஸ்அப்பை நாம ஏன் வச்சிருக்கோம்? ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் அதில் இருக்காங்க, அதனாலதான். ஆள் சேரச் சேர மதிப்பு கூடும் இந்த நெட்வொர்க் எஃபெக்டை வைத்து 120 வருஷத்துக்கு முன்னாடியே வியாபாரம் செய்தவர் குலியெல்மோ மார்க்கோனி.

1874-ல் இத்தாலியின் போலோன்யாவில் பிறந்தார். அப்பா இத்தாலியர், அம்மா அயர்லாந்துக்காரர். வீட்டிலேயே கம்பியில்லாத் தந்தி சோதனைகளைத் தொடங்கினார். 1896-ல் இங்கிலாந்து போனார். அடுத்த வருஷமே கம்பெனி தொடங்கினார். 1901 டிசம்பரில், கார்ன்வாலிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளிகள், அதாவது மோர்ஸ் குறியீட்டில் 'எஸ்', அட்லாண்டிக் தாண்டி நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார்.

அவரோட பலம் கருவி மட்டும் இல்லை. கப்பல்களுக்குக் கருவியை வாடகைக்குக் கொடுத்து, இயக்குற ஆளையும் கம்பெனியே அனுப்பியது. ஆபத்து நேரம் தவிர, வேற கம்பெனி கருவியோடு பேசக் கூடாது என்பது கட்டளை. கரையிலும் நிறைய நிலையங்கள் அவருடையவை. புதுசா கருவி தேடுற கப்பல்காரர் எதை எடுப்பார்? அதிகம் பேரோடு பேச முடிவதைத்தானே! சேர்ந்த ஒவ்வொரு கப்பலும் அடுத்ததை இழுத்தது.

1902-ல் ஜெர்மன் பேரரசரின் தம்பி இளவரசர் ஹைன்ரிக், ஜெர்மன் கருவி பொருத்திய கப்பலில் அமெரிக்காவிலிருந்து திரும்பினார். மார்க்கோனி நிலையங்கள் அந்தக் கப்பலுக்குப் பதில் தரவில்லை. ஜெர்மனி கொதித்தது. 1903-ல் பெர்லினில் நாடுகள் கூடின. பிரிட்டனும் இத்தாலியும் ஒத்துக்கொள்ளவில்லை. 1906-ல் மறுபடி கூடி, எந்தக் கம்பெனி கருவியா இருந்தாலும் கப்பலும் கரையும் பேசியே ஆகணும் என்று முடிவு செய்தார்கள். எஸ்ஓஎஸ் பொது அபாயக் குறியானதும் அங்கேதான். ஆனாலும் மார்க்கோனி ஆட்கள் தங்கள் பழைய சிக்யூடியை விடவில்லை.

1909-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. கூடவே பகிர்ந்துகொண்டவர் ஜெர்மானியர் பிரவுன்!

1912-ல் டைட்டானிக் மூழ்கியபோது, மார்க்கோனி ஊழியர்கள் முதலில் சிக்யூடி, பிறகு எஸ்ஓஎஸ் இரண்டையும் அனுப்பினார்கள். கார்பேதியா கேட்டு வந்தது. 700-க்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். அதே வருஷம் லண்டன் மாநாடு, கப்பலுக்குக் கப்பல் பேசுவதையும் கட்டாயமாக்கியது. பூட்டு முழுசா திறந்தது.

அதனால மார்க்கோனி கம்பெனி ஒண்ணும் அழிஞ்சுடலை. 1937-ல் அவர் இறந்தபோது, உலகெங்கும் வானொலி நிலையங்கள் 2 நிமிடம் மௌனம் காத்தன. நாளைக்கு நாம ஒரு புரோட்டோகால் எழுதினா, கூட்டம் சேர்க்க மட்டும் யோசிச்சா போதாது. வெளியே நிற்கிறவன் கூப்பிட்டாலும் கேட்கணும்.